அரை நாளில் அடங்காத ஊர்

விடுமுறை நாள்களில் கோலாலம்பூரிலிருந்து வடக்கு நோக்கி விரையும் கார்களில் பல பினாங்கிற்குத்தான் போகின்றன. அவற்றுள் சில வழியில் தைப்பிங்கில் ஒதுங்குகின்றன. காலை பத்து மணிக்கு ஏரிப் பூங்காவின் ஓரத்தில் கார் நிற்கிறது. தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து வளைந்திருக்கும் மரக்கிளையின் அருகே குடும்பத்தார் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். அதன் பின் விலங்குத் தோட்டம். அதன் பின் ஆளுக்கொரு தட்டு மீ. பிற்பகல் மூன்று மணி வாக்கில் மலை முகட்டில் கருமேகம் திரள்கிறது. "மழை வரப்போகுது, கிளம்புங்க!" என்று யாரேனும் ஒருவர் குரல் கொடுத்ததும், கார் மீண்டும் நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடுகிறது. தைப்பிங்கைப் பார்த்தாயிற்று என்ற மனநிறைவு அவர்களுக்கு.

உண்மையில், அவர்கள் புறப்பட்டுப் போன அந்த நேரத்தில்தான் தைப்பிங் தொடங்குகிறது.

பேரா மாநிலத்தின் வடக்கே, ஈப்போவிற்கும் பினாங்கிற்கும் இடையில் அமைந்துள்ள இந்தச் சிறு நகரை இரண்டிற்கும் பொதுவான ஒரு புறநகர் போலவே பலரும் எண்ணுகின்றனர். பணி ஓய்வு பெற்றவர்கள் அமைதியாக வாழ ஏற்ற ஊர் என்ற பெயரும் அதற்கு உண்டு. பாராட்டுப்போல் ஒலிக்கும் இப்பெயரில் ஓர் அலட்சியமும் கலந்துள்ளது. முதியவர்களுக்கு ஏற்ற ஊர் என்றால், மற்றவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வி தானாகவே எழுந்துவிடுகிறது. அக்கேள்விக்கு அரை நாளில் விடை தேடுவோர் ஏமாற்றத்துடன் திரும்புவதில் வியப்பில்லை. தைப்பிங்கில் காண வேண்டியவை தனித்தனி இடங்கள் அல்ல. மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஒரே கதை அது. கதையின் நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு நூலை மூடிவைப்பவருக்குக் கதை விளங்காது.

மழையிலிருந்தே தொடங்கலாம். தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெய்யும் நகரம் தைப்பிங். நாட்டின் பல பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. தைப்பிங்கில் அது ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டரைத் தொடுகிறது. இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நகரின் கிழக்கே பிந்தாங் மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மலாக்கா நீரிணை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகித் திரண்டு, நகரின் மேலேயே கொட்டிவிடுகிறது. கடலும் மலையும் இவ்வளவு நெருக்கமாக இல்லாதிருந்தால் இந்த மழை இல்லை. மழை இல்லாதிருந்தால் இந்த நகரே வேறாக இருந்திருக்கும்.

அந்நாளில் பிற்பகல் மழை எத்தனை மணிக்கு இறங்கும் என்று ஊரார் பந்தயம் கட்டுவார்களாம். இன்று அப்பழக்கம் இல்லாவிடினும், வீட்டிலிருந்து வெளியே கிளம்பும் பிள்ளையிடம் "குடை எடுத்தியா?" என்று கேட்காத பாட்டி அங்கே இருப்பது அரிது.

இந்த நீருக்காக ஊரார் சண்டையிட்ட காலமும் உண்டு. தைப்பிங் அமைந்துள்ள பகுதியின் பழைய பெயர் லாரூட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லோங் ஜாபாரின் காலத்தில் அங்கே ஈயம் கண்டெடுக்கப்பட்டது. காணாமற்போன யானை ஒன்று சேறு பூசிய கால்களுடன் திரும்பி வந்ததென்றும், அச்சேற்றில் ஈயமணல் மின்னியதென்றும், அந்த யானையின் பெயரே ஊருக்கு வந்ததென்றும் ஒரு கதை வழங்குகிறது. யானைக்கதை உண்மையோ கற்பனையோ, ஈயம் உண்மை. அதைத் தோண்டச் சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து குவிந்தனர். மண்ணைக் கழுவி ஈயத்தைப் பிரித்தெடுக்க ஓடைநீர் இன்றியமையாதது. 1861ஆம் ஆண்டில் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு குழுக்களுக்கிடையே வெடித்த முதல் மோதலுக்குக் காரணமே, சுரங்கங்களுக்குப் போகும் நீர்வழி யாருக்கு உரியது என்பதுதான். அம்மோதல் போராக வளர்ந்து, விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் நீடித்தது. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகே போர் ஓய்ந்தது. அதன் பின்னர் ஊருக்குச் சூட்டப்பட்ட பெயர்தான் தைப்பிங். சீன மொழியில் அதன் பொருள் பேரமைதி.

வரலாற்றுப் பாடத்தில் இந்த ஆண்டுகளை மனனம் செய்யாத மாணவர் இல்லை. ஆனால், அந்தப் போருக்கும் இன்றைய ஏரிக்கும் உள்ள உறவைப் பாடநூலில் காண்பதைவிட ஏரிக்கரையில் காண்பது எளிது. படம் பிடிக்கும் கூட்டம் நிற்கும் ஏரி இயற்கையாக உண்டானது அன்று. தோண்டி முடித்துக் கைவிடப்பட்ட ஈயச்சுரங்கக் குழிகள் அவை. 1880ஆம் ஆண்டில் அக்குழிகளைச் சீர்ப்படுத்திப் பூங்காவாக மாற்றும் பணி தொடங்கியது. மலாயாவின் முதல் பொதுப்பூங்கா அதுவே. மனிதன் மண்ணைக் குடைந்து கெடுத்த இடத்தை மனிதனே சீராக்க முடியும் என்பதற்கு இந்நாட்டில் இதைவிடப் பழைய சான்று கிடைப்பது கடினம். ஈயம் தோண்டிய குழிகள் நாட்டின் வேறு பகுதிகளிலும் நிறைய உண்டு. அவற்றில் எத்தனை இப்படி மாறின என்பது தனியே ஆராய வேண்டிய செய்தி.

ஏரிக்கரையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் நூறு வயதைக் கடந்தவை. மாலையில் இலைகளை மடித்துக்கொள்ளும் இம்மரங்களின் கிளைகள் சாலைக்கு மேலாக நீண்டு, எதிர்ப்பக்கத்து நீரை எட்டிப் பிடிக்க முயல்வன போல் தாழ்ந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் அக்கிளைகளுக்குக் கீழே கார்கள் ஓடின. இன்று அவ்வழி நடப்பவர்களுக்கே உரியது. சுற்றுப்பயணிகளில் சிலர் இதனால் முகம் சுளிக்கக்கூடும். எனினும், முதிர்ந்த மரங்களுக்காக வாகனங்கள் வழிவிட வேண்டும் என்று முடிவெடுத்தது சரியான செயலே. அவ்வழியில் விடியற்காலையில் நடந்தால் ஊரின் உண்மையான முகத்தைக் காணலாம். கைவீசி நடக்கும் முதியவர்கள், மெதுவோட்டம் ஓடும் இளைஞர்கள், தை சி பயிலும் பெண்கள், மலையிலிருந்து இறங்கி நீரின் மேல் தவழும் மூடுபனி ஆகியவற்றையெல்லாம் பத்து மணிக்கு வந்து இறங்கும் குடும்பம் காண்பதில்லை.

தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமே! மாட்டு வண்டியும் யானையும் போதாமற் போயின. அதனால் மலாயாவின் முதல் இரயில் பாதை இங்கே பிறந்தது. தைப்பிங்கிலிருந்து கடலோரத் துறைமுகமான போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டர். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப்பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. பின்னாளில் மலாயா இரயில்வே விரிந்தபோது, யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றினர். தண்டவாளம் போடும் கடும் உழைப்பில் தென்னிந்தியத் தமிழர் ஈடுபட்டனர். தமிழ் மாணவர்களைப் பொறுத்தவரை தைப்பிங் அயலூர் அன்று. குடும்பத்தில் யாரோ ஒரு தாத்தாவின் கதை அந்தத் தண்டவாளத்தில் எங்கேனும் தொடங்கியிருக்கக்கூடும்.

போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. தண்டவாளம் இப்போது இல்லை. மீனவர் கடைகளும் வீடுகளும் நெருங்கிய தெருவில், பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அதில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது. இரயிலே வராத நிலையத்தில் தமிழ் எழுத்து காத்து நிற்கிறது. அதைப் படித்துவிட்டுக் கடந்துபோக ஒரு நிமிடம் போதும். ஆனால், அந்த எழுத்து ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால், விடை சொல்ல ஒரு பிற்பகல் தேவைப்படும்.

ஊரைச் சுற்றியிருப்பது மாத்தாங் சதுப்புநிலக் காடு. பரப்பளவு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். சுற்றுலா விளம்பரங்களில் இக்காடு மின்மினிப் பூச்சிகளையும் கழுகுகளையும் காட்டும் படகுப் பயணமாக மட்டும் தோன்றுகிறது. அவை அழகானவையே. ஆயினும், அக்காட்டின் பெருமை வேறோர் இடத்தில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே மரம் வெட்டப்பட்டு வருகிறது. இருந்தும் காடு அழியவில்லை. உலகிலேயே மிகச் சிறப்பாகப் பேணப்படும் சதுப்புநிலக் காடுகளுள் ஒன்று என்று அறிஞர்கள் அதைப் போற்றுகின்றனர்.

அது எப்படி முடிந்தது? காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியில் மரங்களை வெட்டிய பிறகு, அதே பகுதிக்கு மறுபடியும் கோடரி வர முப்பது ஆண்டுகள் ஆகும். வெட்டிய இடத்தில் தானே முளைக்காத இடங்களில் கன்றுகள் நடப்படுகின்றன. மலாயில் பாக்காவ் எனப்படும் கண்டல் மரங்களே அவை. பதினைந்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் நெருங்கி வளர்ந்தவற்றை மட்டும் களைந்தெடுக்கின்றனர். அதற்கு நுட்பமான கருவி எதுவும் இல்லை. ஒரு கோல்தான். முதல் முறை நான்கடிக் கோல். அடுத்த முறை ஆறடிக் கோல். நல்ல மரத்தை நடுவில் வைத்துக் கோலைச் சுற்றினால், அந்த வட்டத்துக்குள் அகப்படும் மற்ற மரங்கள் வெட்டப்படும். எஞ்சிய மரத்துக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். வெட்டப்பட்ட இளமரங்களும் வீணாவதில்லை. கட்டடப் பணிகளுக்கு ஊன்றுகழிகளாகப் போகின்றன.

முப்பது வயதான மரங்கள் கோலா செப்பெத்தாங்கின் கரிச்சூளைகளுக்கு வருகின்றன. கவிழ்த்த பானைபோல் செங்கல்லால் கட்டப்பட்ட சூளைகள் அவை. பட்டை நீக்கிய மரத்துண்டுகளை உள்ளே செங்குத்தாக அடுக்குகின்றனர். நெருப்பு வாயிலில் மட்டுமே எரிகிறது. உள்ளே இருக்கும் மரத்தைத் தீ தொடுவதில்லை. வெப்பம் அதிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல வெளியேற்றுகிறது. அதன் பின் வாயிலை அடைத்து ஆறவிட வேண்டும். மரம் கரியாகி வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். எப்போது வாயிலை அடைப்பது என்பதைப் புகையின் மணத்தையும் நிறத்தையும் கொண்டே அனுபவசாலிகள் முடிவு செய்கின்றனர். இக்கரியில் பெரும்பங்கு ஜப்பானுக்கு ஏற்றுமதியாகி வந்துள்ளது.

முப்பது ஆண்டு வளர்ந்த மரம், ஒரு மாதம் வெந்த கரி. அதைப் பார்க்க வருவோர் ஒதுக்கும் நேரம் இருபது நிமிடம். இதற்குப் பயணிகளை மட்டும் குறை கூறுவதில் நியாயம் இல்லை. அரை நாளில் ஐந்து இடங்கள் என்று திட்டமிட்டுப் பேருந்தை நிரப்பும் சுற்றுலா ஏற்பாடுகளும் அதே வழக்கத்தைத்தான் வளர்க்கின்றன. பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவும் பல வேளைகளில் இதற்கு விலக்கன்று. மாணவர்கள் பேருந்தைவிட்டு இறங்குகின்றனர், பெயர்ப்பட்டியல் சரிபார்க்கப்படுகிறது, மீண்டும் ஏறுகின்றனர்.

நகருக்குள் 1883ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பேரா அருங்காட்சியகம் உள்ளது. நாட்டிலேயே பழமையானது அதுதான். மலையடிவாரத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 850க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் பெயர் எவருக்கும் தெரியாது. பேரமைதி என்று பெயர் பெற்ற ஊரில் அக்கல்லறைகளின் நடுவே நிற்பவர், பெரும்பாலும் பேசாமலே திரும்புகிறார்.

கல்லறைத் தோட்டத்தைத் தாண்டினால் லாரூட் மலைக்குப் போகும் சாலை. முன்பு மேக்ஸ்வெல் மலை என்று அழைக்கப்பட்ட இந்த மலைவாசத்தலம் 1884ஆம் ஆண்டில் உருவானது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம். எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள் கொண்ட குறுகிய சாலையில் பொதுமக்களின் கார்களுக்கு இடமில்லை. நெடுங்காலமாக லேண்ட் ரோவர் வண்டிகளே பயணிகளை ஏற்றிச் சென்றன. கனமழையால் மண் சரிந்து சாலை மூடப்பட்ட காலங்களும் உண்டு. அப்போதெல்லாம், இந்த மலைக்குக் கேபிள் கார் அமைத்தால் என்ன என்ற பேச்சு மீண்டும் எழுகிறது.

இவ்விடத்தில்தான் கருத்து வேறுபாடு கூர்மையாகிறது. கேபிள் காரை விரும்புவோர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. முதியவர்களும் உடற்குறையுள்ளோரும் மலைக்குச் செல்லக்கூடாதா என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. பயணிகள் பெருகினால் வேலை பெருகும் என்கின்றனர். இதுவும் பொய்யன்று. தைப்பிங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்ததும் பினாங்கிற்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகின்றனர். வார இறுதியில் வந்து தலைகாட்டும் மகனைப் பார்த்து மகிழும் பெற்றோருக்கு, "ஊர் அமைதியாக இருக்கிறது" என்ற பாராட்டு சற்றுக் கசக்கவே செய்யும். வெளியூரிலிருந்து வந்து ஊரின் பழமையை ரசித்துவிட்டுப் போவோர், அங்கேயே பிழைப்பு தேடுவோரிடம் மாற்றமே வேண்டாம் என்று சொல்வது எளிது, முறையன்று.

எனினும், கேபிள் கார் இச்சிக்கலைத் தீர்க்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. அது கொண்டுவருவது கூட்டம், தங்குவோரை அன்று. மேலே ஏறிப் படம் பிடித்து, ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கி, மாலைக்குள் பினாங்கு போய்ச் சேர அது இன்னும் வசதியாகும். அரை நாள் பயணம் கால் நாளாகச் சுருங்கும். நுழைவுச்சீட்டு விற்பவருக்கு வருமானம் கிடைக்கலாம். பழைய கடைத்தெருவில் காப்பி ஆற்றுபவருக்கும், படகோட்டிக்கும், சிறு தங்குவிடுதி நடத்துபவருக்கும் அதில் என்ன மிஞ்சும்? ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் மலைச்சரிவில் தூண்கள் எழுப்பக் காடு திருத்தப்பட்டால், அடிவாரத்தில் வாழ்வோருக்கு அது என்ன செய்யும் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. கெந்திங் மலையும் கேமரன் மலையும் ஏற்கெனவே நாட்டில் உள்ளன. மூன்றாவதாக ஒரு நகல் எதற்கு?

சாலையைச் செப்பனிட்டு, சரிவுகளை வலுப்படுத்தி, வண்டிச் சேவையை ஒழுங்காக நடத்தினாலே முதியவர்களும் மலைக்குச் செல்ல முடியும். ஓர் இரவு தங்குபவர் மூன்று வேளை உண்கிறார், சந்தைக்குப் போகிறார், படகில் ஏறுகிறார், மறுநாளும் ஏதேனும் வாங்குகிறார். வருவோர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதைவிட, வந்தவர் தங்கும் நேரத்தை இரட்டிப்பாக்குவதே இத்தகைய ஊருக்கு ஏற்றது. தைப்பிங் அதற்குத் தகுதியற்ற ஊரும் அன்று. 2019ஆம் ஆண்டில் பெர்லினில் நடந்த அனைத்துலகச் சுற்றுலாக் கண்காட்சியில், நீடித்து நிலைக்கும் சுற்றுலாத் தலங்களுக்கான விருதுகளில் நகரங்கள் பிரிவில் அது மூன்றாம் இடம் பெற்றது. அவ்விருது கேபிள் காருக்காகக் கிடைக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து மின்சார இரயிலில் வந்தால் பயணம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். தைப்பிங்கை நெருங்குவதற்கு முன் மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப்பாதைக்குள் இரயில் புகுந்து வெளிவருகிறது. வந்து இறங்கியவர் முதல் நாள் பிற்பகலை மழைக்கே விட்டுவிடலாம். கடைத்தெருவின் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி நின்றால், பக்கத்தில் ஒதுங்கியவர் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார். பழைய இரயில்வே குடியிருப்பைப் பற்றி அவருக்கு ஏதேனும் தெரிந்திருக்கும். மறுநாள் விடியலில் ஏரி, பகலில் அருங்காட்சியகம், அதற்கடுத்த நாள் கடலோரம்.

கோலா செப்பெத்தாங்கில் சூளைப் புகைக்கு நடுவே, வெட்டிய மரத்துண்டுகள் ஆற்றங்கரையில் அடுக்கப்பட்டிருக்கும். கடல் ஏற்றத்தின்போது படகுகள் அவற்றைக் கால்வாய் வழியே கொண்டுவருகின்றன. அம்மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் இவ்வாண்டு கன்றுகள் நடப்படும். அக்கன்றுகள் முற்றிச் சூளைக்கு வரும் நாளில், இப்போது இடைநிலைப் பள்ளியில் பயிலும் மாணவருக்கு நாற்பத்தைந்து வயது ஆகியிருக்கும்.